முதுகுக்குள் மூன்று மில்லிமீட்டர்

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனாலும் ஏழு வருடம் வாரத்தில் நான்கு நாள் ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்றிருக்கிறேன். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கான கருவிகளை ஆஸ்பத்திரிகளுக்கு வாடகைக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை.

முன்பு முதுகில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, தசையை விலக்கிச் செய்த ஆபரேஷனை இப்போது சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை வழியாகச் செய்துவிடுகிறார்கள். துளைக்குள் ஓர் உலோகக் குழாய் போகும். குழாய்க்குள் கேமரா. அந்தக் கேமராவின் தண்டுக்குள்ளேயே ஒரு மெல்லிய பாதை உண்டு. அதன் வழியாக, பென்சில் முனையை விடச் சின்ன வாய் வைத்த நீண்ட இடுக்கியை விட்டு, நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் ஜவ்வை இணுக்கு இணுக்காகப் பிய்த்து எடுப்பார்கள். இந்தக் கருவிகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. கேஸ் இருக்கிற அன்றைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். நான் இரண்டு பெட்டிகளோடு போவேன். அவர்கள் அவற்றை நீராவியில் கிருமி நீக்கி உள்ளே கொண்டுபோவார்கள். நானும் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் ஒரு மூலையில் நின்று, அடுத்து எந்தக் கருவி என்று நர்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். முடிந்ததும் கழுவி, எண்ணி, எடுத்துக்கொண்டு வருவேன்.

நான் சொல்லப்போவது அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. அதற்கு முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் ஆபீஸ் தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடை மாடியில் இருந்தது. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய செட்டை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கும் இடுக்கிகள் மூன்று, ஒரே அளவு, ஒரே சாயல். மூன்றாவதைத் திறந்தபோது கீழ்வாய் பாதியில் நின்றது. கருவிக்கான எண்ணெய் விட்டுப் பத்து தடவை திறந்து மூடினேன். இறுக்கம் விட்டது. ஆனால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் கீழ்வாய் ஒரு மயிரிழை ஆடியது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் தண்டோடு சேர்க்கும் ஆணிக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கீறலா விரிசலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மானேஜர் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்தார். போனில் சொன்னேன். புது இடுக்கி கஸ்டம்ஸில் நிற்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். அதுவரை இதை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். செட்டில் ஒன்று குறைந்தால் அந்த டாக்டர் அடுத்த கேஸுக்கு வேறு கம்பெனியைக் கூப்பிட்டுவிடுவார் என்றார்.

"எண்ணெய் விட்டதும் சரியாயிடுச்சுன்னு நீயே சொல்றே. நாளைக்கு ஒரு கேஸ் ஓடட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அதைத் தட்டின் கடைசிப் பள்ளத்தில் வைத்தேன். காலையில் நர்ஸிடம், கடைசியில் இருப்பதை மட்டும் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு மந்தைவெளியில் என் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன். பிற்பாடு எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது அந்தத் தூக்கம்தான்.

காலை ஆறரைக்கு ஆபீஸைத் திறந்து பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினேன். கோட்டூர்புரம் பாலம் வரைக்கும் வண்டி சுகமாகப் போனது. அதற்கப்புறம், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து ரோட்டைப் பாதியாக்கியிருந்த இடத்தில் ஒரு கான்கிரீட் லாரி குறுக்கே நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று போன் வந்தது. போய் இறங்கியபோது கிருமிநீக்க அறை ஆள் வாசலிலேயே நின்று என் கையிலிருந்து பெட்டிகளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

நான் உடை மாற்றி, எக்ஸ்ரே தடுக்கும் கனத்த ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது நோயாளி மேஜையில் குப்புறப் படுத்திருந்தார். நர்ஸ் கைகழுவி உறை போட்டுத் தயாராக நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. தியேட்டரில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டர்கள்கூட அவரிடம் பார்த்துத்தான் பேசுவார்கள். கிருமிநீக்கிய தட்டைப் பிரித்து, தன் வழக்கப்படி கருவிகளை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று இடுக்கிகளும் அடுத்தடுத்துக் கிடந்தன. எது எது என்று மூலையில் நின்ற எனக்கே தெரியவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். இந்த ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி விழித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க வேண்டும். கருவி நரம்பைத் தொட்டால் அவர் உடனே சொல்வார் என்பதுதான் அதிலுள்ள பாதுகாப்பு. அவர் காதில் விழுகிற மாதிரி, ஒரு கருவியில் சந்தேகம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சிஸ்டர் பக்கத்தில் போய்க் கிசுகிசுக்க ஒரு தோது வரும் என்று காத்திருந்தேன். டாக்டர் கையை நீட்டி ஊசியைக் கேட்டார். ஆபரேஷன் ஆரம்பித்துவிட்டது.

மேஜையில் படுத்திருந்த அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ராயப்பேட்டைப் பக்கம் வீடு. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறவர். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, தரையில் உட்கார்ந்து குனிந்தபடியே ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை. வீட்டில் உருது. எங்களிடம் சுத்தமான மெட்ராஸ் பேச்சு. இடது காலில் இடுப்பிலிருந்து கட்டை விரல் வரை எட்டு மாதமாக வலி. டாக்டர் அவரைப் பேசவைத்துக்கொண்டே வேலை செய்தார். ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை நாள் ஆகும், முதுகில் மயில் போட்டால் கடினமா, யானை போட்டால் கடினமா என்று கேட்டார். யானைதான் சுலபம், மயிலுக்குக் கழுத்து வளைவில் ஊசி மாட்டிக்கொள்ளும் என்று அவர் சொன்னார்.

குழாய் உள்ளே போனது. கேமரா போனது. திரையில் சிவப்பும் வெள்ளையுமாக அந்த இடம் தெரிந்தது. பார்வை கலங்காமல் இருக்க உப்புத் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இடுக்கியின் வாய் திரையில் வந்தது, ஜவ்வைக் கவ்வியது, வெளியே போனது. மறுபடி வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கீழ்வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகிறதா என்று திரையில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, நரம்புக்குக் கீழே ஒளிந்திருந்த ஒரு பெரிய துணுக்கைக் கவ்விக்கொண்டு டாக்டர் இழுத்தார். அது வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார்.

சத்தம் ஏதும் கேட்கவில்லை. திரையில் பளபளவென்று ஒரு சில்லு புரண்டது. தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போய் ஒரு மடிப்புக்குக் கீழே தள்ளியது. டாக்டர் இடுக்கியை வெளியே எடுத்துப் பார்த்தார். மேல்வாய் மட்டும் இருந்தது.

"தண்ணியை நிறுத்துங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

தண்ணீர் நின்றது. மயக்க மருந்து டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சிஸ்டரின் கண்கள் முகமூடிக்கு மேலே என்னைத் தேடி நின்றன. யாரும் பேசவில்லை.

மேஜைமேல் துணிக்குக் கீழேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"இன்னா டாக்டர், ஊசி ஒடிஞ்சிடுச்சா?"

நாங்கள் எல்லோரும் டாக்டரைப் பார்த்தோம். அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை, கொஞ்சம் ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அறையில் யாரும் மறுத்திருக்க மாட்டோம். சில நொடி அவர் இடுக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா. ஊசி இல்ல, இடுக்கியோட முனை. சின்னத் துண்டு ஒண்ணு உள்ள நின்னுடுச்சு. எடுக்காம வெளிய வரமாட்டேன். நீங்க அசையாம இருக்கணும். எங்க வலிச்சாலும் உடனே சொல்லணும்."

"எனக்குத் தெர்யும். ஒடிஞ்சாதான் இப்டி எல்லாரும் வாய மூடிப்பாங்க" என்றார் அவர். பிறகு உருதுவில் ஏதோ முணுமுணுத்தார். பிரார்த்தனையாக இருக்கலாம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எலும்புகளுக்கு நடுவே, உமி அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. நரம்பு வெளியே வருகிற இடத்துக்கு மிகப் பக்கத்தில். மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் ஓரம் உடைந்த ஓரம். எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார். "மத்த ரெண்டும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு சார். நேத்து நானே பார்த்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மற்ற இரண்டை நேற்றுப் பார்த்தேன் என்றால் இதையும்தானே பார்த்திருப்பேன்? சிஸ்டர் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது இடுக்கியை வாங்கிக்கொண்டு தேட ஆரம்பித்தார்.

தண்ணீர் இல்லாமல் திரை கலங்கியது. தண்ணீரைத் திறந்தால் துண்டு நகர்ந்துவிடலாம். ஒரு சொட்டு விட்டு, நிறுத்தி, பார்த்து, மறுபடி ஒரு சொட்டு விட்டார்கள். மடிப்பை விலக்கும்போது அந்த அம்மா சட்டென்று மூச்சை இழுத்தார். கட்டை விரலில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி. மறுபடியும் கரண்ட்.

"நீங்க கால் பக்கம் போங்க" என்றார் என்னிடம். "துணியத் தூக்கி இடது கால் கட்டை விரலைப் பாருங்க. அம்மா, அதை மேல தூக்கித் தூக்கி இறக்கிக்கிட்டே இருங்க. ஆடறது குறைஞ்சா எனக்குச் சொல்லணும். கண்ணை எடுக்கக் கூடாது."

நான் மேஜையின் அந்தக் கோடிக்குப் போய்க் குனிந்து துணியை விலக்கினேன். பாதத்தின் ஓரம் காய்த்துப்போயிருந்தது. கட்டை விரல் நகம் வளர்ந்து மருதாணி பாதிக்கு மேலே ஏறியிருந்தது. அந்த விரல் உயர்ந்தது, இறங்கியது, உயர்ந்தது. எனக்கு அதைத் தவிர வேறு உலகம் இல்லாமல் போயிற்று. அது மேலே வரும்போதெல்லாம் என் மூச்சும் வந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, "ஆடுது சார்" என்று சொன்னேன். வேறு எதுவும் பேச எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒரு தடவை, கிடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். கவ்வி, குழாயின் வாய் வரைக்கும் கொண்டுவந்தார். அங்கே விளிம்பில் தட்டி நழுவியது. மறுபடி எக்ஸ்ரே. துண்டு இப்போது இன்னும் உள்ளே போயிருந்தது. மயக்க மருந்து டாக்டர், முழு மயக்கம் கொடுத்துத் திறந்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார். இன்னும் பத்து நிமிடம் பார்க்கிறேன் என்றார் டாக்டர். அவர் நெற்றி வேர்வையை உதவி நர்ஸ் துடைத்துவிட்டார். அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். விரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் குறைந்த மாதிரி இருந்தது. களைப்பா, வேறு ஏதாவதா?

"கொஞ்சம் மெதுவா ஆடுது சார்."

"தூக்குற உயரம் குறைஞ்சிருக்கா?"

உற்றுப் பார்த்தேன். "லேசா குறைஞ்சிருக்கு சார்."

அவர் கையை எடுத்தார். ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை. சுவர்க் கடிகாரம் தெரிகிற இடத்தில்தான் நின்றேன், ஆனாலும் பார்க்கவில்லை. விரலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிறகு அவர் கேமராவை வேறு கோணத்தில் சாய்த்து, நரம்பைச் சுற்றிப் போகாமல் பின்பக்கமாக இறங்கினார் என்று சிஸ்டர் பிற்பாடு சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம்தான். நர்ஸ்களில் யாரோ, அப்பாடா என்றார்கள்.

சிஸ்டர் அந்தத் துண்டை விளக்குக்குக் கீழே வைத்து, உடைந்த இடுக்கியோடு பொருத்திப் பார்த்தார். முழுசாகப் பொருந்தியது. வேறு சில்லு எதுவும் இல்லை. கடைசி எக்ஸ்ரேயிலும் புள்ளி இல்லை. துண்டைத் தேடியது நாற்பது நிமிடத்துக்கு மேல் என்று சிஸ்டர் குறிப்பில் எழுதினார். மீதி ஜவ்வை எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு தையல். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தபோது முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை.

வெளியே கை கழுவும் இடத்தில் டாக்டர் கேட்டார். "எப்படி ஆச்சு இது?"

நான் உண்மையைச் சொல்லவில்லை. பல கேஸ் போன கருவி சார், உலோகம் களைத்துப்போவது உண்டு, கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்புகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அவர் நம்பிவிட்டது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

மானேஜருக்குப் போன் செய்தேன். துண்டு வெளியே வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். வந்துவிட்டது என்றதும், உடைந்த இடுக்கியையும் துண்டையும் வாங்கிக்கொண்டு உடனே ஆபீஸுக்கு வா, தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கேள் என்றார். நேற்றுச் சாயங்காலம் நான் போன் செய்ததைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் அன்பாக இருந்தது.

சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் அதற்குள் இடுக்கியையும் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, நேரத்தையும் நோயாளி எண்ணையும் எழுதிவைத்திருந்தார். மேலிடத்தில் கேட்காமல் தர முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நேத்து நீ பார்த்தப்போ அது நல்லா இருந்துச்சா?"

கழுவிய கருவிகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கவரை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டிகளை வாசல் காவலாளியிடம் விட்டுவிட்டு, டாக்டரின் புறநோயாளிகள் பிரிவில் போய் உட்கார்ந்தேன். இடுப்புப் பட்டை கட்டியவர்களும் தடி வைத்தவர்களுமாக இருபது பேர் இருந்தார்கள். டோக்கன் கொடுக்கிற பெண், கம்பெனி ஆட்களை நோயாளிகள் முடிந்த பிறகுதான் விடுவோம் என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மானேஜரிடமிருந்து நான்கு அழைப்பு. எடுக்கவில்லை. என் சம்பளத்தில்தான் மந்தைவெளி வீட்டு வாடகை, அம்மாவின் மாத்திரை எல்லாம். எழுந்து போய்விடலாம் என்று மூன்று தடவை நினைத்தேன். ஒரு தடவை எழுந்து லிஃப்ட் வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது, இரண்டு வாரம் கழித்து இதே செட்டோடு இதே டாக்டர் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். முடியும் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உள்ளே போனதும் நின்றபடியே சொன்னேன். முந்தைய நாள் பார்த்த கோடு, ஆட்டம், எண்ணெய் விட்டது, போன் பேசியது, காலையில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது, கைகழுவும் இடத்தில் மழுப்பியது. எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார்.

"காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றார்.

"தெரியும் சார்."

"சந்தேகம்னு ஒரு வார்த்தை. நோயாளிக்குக் கேட்டாலும் பரவாயில்ல. கேட்டா என்ன ஆயிருக்கும்? ஓரமா வெச்சிருப்போம். அவ்வளவுதான்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். பிறகு அவர் எழுந்தார். "அந்தம்மாகிட்ட நான் இதைச் சொல்லணும். நீங்களும் வாங்க."

மூன்றாம் மாடியில் அந்த அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி. கால் வலி போய்விட்டது என்றார் தம்பி சந்தோஷமாக. ஆனால் கட்டை விரல் மரத்துக் கிடக்கிறது, மேலே தூக்க வரவில்லை என்றார் அந்த அம்மா. டாக்டர் விரலைத் தொட்டு, தூக்கச் சொல்லிப் பார்த்தார். தேடும்போது நரம்பு கொஞ்சம் அதிர்ந்திருக்கும், வாரக்கணக்கில் ஆகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். பிறகு, முனை ஒடிந்ததற்குக் காரணம் இப்போதுதான் தனக்குத் தெரிந்தது என்று சொல்லி, நான் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னார்.

அந்த அம்மா டீ டம்ளரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்தே தெர்யுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சுக்கா."

"காலீல நான் உள்ள பட்த்துக்கினு இருந்தப்போ நீ அங்கதான் நின்னுக்கினு இருந்தே."

"ஆமாக்கா."

"என் காலப் புடிச்சிக்கினு நின்னதும் நீதானே?"

"நான்தான்."

தம்பி எழுந்து நின்றுவிட்டார். அந்த அம்மா அவரைக் கையால் உட்காரச் சொன்னார்.

"என்கிட்ட ஒரு பொண்ணு வேல செஞ்சுது" என்றார். "ஊசி மொன ஒடிஞ்சி துணிக்குள்ள போயிடுச்சு. சொல்லாம மடிச்சி வெச்சிட்டா. அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கினு போன கல்யாணப் பொண்ணுக்கு மேடயில முதுகு கிழிஞ்சிச்சு. அவள அன்னிக்கே வேலய வுட்டு அனுப்ச்சிட்டேன். அழுதா. நான் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. டாக்டர் என் தோளுக்குப் பின்னால் கதவைத் திறந்து பிடித்தார்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனிக் கருவிகளை நிறுத்திவிட்டது. மானேஜர் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. தியேட்டருக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, பார்சல் சீட்டு எழுதும் மேஜையில் உட்காரவைத்தார். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்தச் செட்டை மட்டும் அல்ல, இருந்த எல்லா இடுக்கிகளையும் வெளியே அனுப்பிப் பரிசோதித்தார்கள். இன்னும் இரண்டில் அதே இடத்தில் கோடு இருந்தது. அதை எனக்குச் சொன்னது பார்சல் கட்டுகிறவர்தான். இரண்டு மாதம் அந்த மேஜையில் இருந்துவிட்டு வேலையை விட்டேன்.

இதற்கிடையில் வாரம் ஒரு தடவை சிஸ்டருக்குப் போன் செய்து, விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூன்றாம் வாரம், அப்படியேதான் என்றார். ஐந்தாம் வாரமும் அப்படியேதான். அந்த அம்மா செருப்பு கழன்று போவது தெரியாமல் நடக்கிறார் என்று ஒரு தடவை சொன்னார். ஏழாம் வாரம் போன் செய்தபோது, லேசாக அசைகிறது, டாக்டர் குறிப்பில் எழுதியிருக்கிறார் என்றார். நான் போனை வைத்துவிட்டு மந்தைவெளி ரயில் நிலையப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது தரமணிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். கம்பெனிகள் வாடகைக்குக் கொண்டுவரும் செட்டுகளை உள்ளே விடுவதற்கு முன் பார்த்து வாங்குவது என் பொறுப்பு. அந்த வேலைக்கு என்னை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அந்த டாக்டர்தான் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு நன்றி சொல்லத்தான் ஒரு சனிக்கிழமை அடையாறுக்குப் போனேன். புறநோயாளிகள் பிரிவின் நடைபாதையில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். டாக்டர் கதவருகே நின்று, குதிகாலில் நடந்து காட்டச் சொன்னார். முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு அவர் நடைபாதையின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். இடது முன்பாதம் இரண்டு தடவை தரையைத் தட்டியது. மற்றபடி தூக்கியே இருந்தது.

திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். நான் நகரவில்லை. அவரே பக்கத்தில் வந்தார்.

"வெரல் வந்துச்சு" என்றார். "கீழ குந்தி வேல செய்ய இன்னும் பயமா கீது. சட்டத்த மேஜ மேல தூக்கி வெச்சி நின்னுக்கினே போட்றேன்."

நல்லதுக்கா என்றேன்.

"கம்பெனி மேல கம்ப்ளைண்ட் எழுதிக் குட்த்துக்கீறேன். உன் பேரையும் எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். நீ சொன்னதையும் எழுதிட்டேன்."

"சரிக்கா. விசாரணைக்குக் கூப்பிட்டா வந்து சொல்றேன்."

"வருவியா?"

"வருவேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டி, என் நம்பரைப் போடச் சொன்னார். நான் போட்டேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே ஒரு தடவை அழைத்துப் பார்த்து, என் பையில் மணி அடித்த பிறகுதான் போனை உள்ளே வைத்தார்.